ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில்

இருநூற்றெழுபத்தைந்து புள்ளி அகலம்,
நூற்றுப்பதினாறு உயரம்.
அதற்குள்தான் எல்லாம்.
என் சமையலறையைவிடச் சின்னது என்று
சொல்ல நினைத்தேன்.
சமையலறையும் ஏறக்குறைய அப்படித்தான், விட்டுவிட்டேன்.

தோ பாயோ. இரவு பதினொன்றரை.
பாட்டு ஓட்டும் மென்பொருளுக்கு
இன்னொரு தோல் வரைந்துகொண்டிருந்தேன்.
தோல் என்றுதான் சொல்கிறார்கள்,
நான் வைத்த பெயரில்லை.
உரித்துப் போடலாம், வேறொன்று மாட்டலாம்,
உள்ளே பாடுகிறவருக்கு வலிக்காது.

அதற்கு முன் மூன்று செய்திருந்தேன்.
பழைய மரப்பெட்டி வானொலி போல ஒன்று:
நிழல் ஒரு பக்கம், விளக்கு அதே பக்கம்.
டுரியான் போல ஒன்று:
நிறுத்தும் பொத்தான் எந்த முள் என்று
நானே தேடினேன்.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான்காவது, எங்கள் புளோக்கின் மின்தூக்கி.

அலுவலகக் கேமராவைக் கடன் வாங்கி
உள்ளிருக்கும் பலகையைப் படமெடுத்தேன்.
கதவு மூட வந்தது, காலை வைத்துத் தடுத்தேன்.
பன்னிரண்டாம் தளத்து மேடம் கோ
சந்தை வண்டியோடு வெளியே நின்றார்.
பழுதா என்றார்.
இல்லை, பாட்டுக்கு என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை.

எஃகுத் தகடு. யாரோ சாவியால் கீறிய இதயம்,
பாதியில் கதவு திறந்திருக்க வேண்டும்.
ஐந்தாம் பொத்தானில் சிகரெட் சுட்ட வடு.
அந்த வடுவுக்கு மட்டும் இரண்டு இரவு:
ஒன்பது புள்ளி, ஐந்து விதமான பழுப்பு.

ஒவ்வொரு பொத்தானையும் இருமுறை வரைய வேண்டும்.
விரல் படாமல் ஒன்று, அழுத்தியபின் ஒன்று.
அழுத்தியதில்
மேல் விளிம்பின் வெளிச்சம் கீழ் விளிம்புக்கு இறங்க வேண்டும்,
ஒரே ஒரு வரிசைப் புள்ளிதான்.
பிசகினால் பொத்தான் அமுங்காது,
சும்மா நிறம் மாறும்.
கண் ஏமாந்துவிடும். விரல் ஏமாறாது.

ஒலியைக் கூட்டும் தண்டுக்கு
இருபத்தெட்டுப் படம் கேட்டது மென்பொருள்.
எங்கள் மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டில்தான் நிற்கும்.
நான்கு படம் வரைந்தேன்,
ஒவ்வொன்றையும் ஏழு முறை நகலெடுத்தேன்.
தண்டை இழுத்தால் சத்தம் சீராக ஏறும்.
விளக்கு மட்டும்
ஐந்தில் நின்று நின்று
திடீரென ஒன்பதுக்குத் தாவும்.

நான் இருப்பது ஏழில்.
அரிசி மூட்டை ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறும்,
அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்கும்.
சலவை இயந்திரம் வந்த அன்று
தூக்கி வந்த இருவரும் கணக்கைப் புரிந்துகொண்டு
என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.
அதற்குப் பலகையில் இடமில்லை.

வெளியிட்ட மூன்றாம் வாரம்
பின்லாந்திலிருந்து யொர்மா என்பவர் எழுதினார்:
நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பிழை.
ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையில்
எதுவும் தெரிவதில்லை,
சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன்.
இன்னொன்று. அதையும்.
கடைசியில் அனுப்பியது:
பிழையில்லை. அங்கே படிக்கட்டு.

பிறகு மேம்பாட்டுக்கு வாக்கெடுப்பு வந்தது.
வேண்டும் என்றே போட்டேன்,
யோசிக்கக்கூட இல்லை.
முழங்கால் என்னுடையது, தோல் கணினியுடையது.

இப்போது எல்லாத் தளத்திலும் நிற்கிறது.
புதுப் பலகை, கண்ணாடி போல.
முதல் நாள் ஏழை அழுத்தினேன்.
அமுங்கவில்லை.
சும்மா நிறம் மாறியது.
யாரோ அந்த ஒரு வரிசைப் புள்ளியை
மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து (நடக்காமல்,
மூச்சு வாங்காமல், சற்றுச் சீக்கிரமாக)
பழைய கோப்பைத் திறந்தேன்.
ஆறு, ஏழு, எட்டுக்கு விளக்கு வைத்தேன்.
ஏழாம் பொத்தானை
இரண்டு நிலையிலும் ஒழுங்காக வரைந்தேன்.
அதன் ஓரத்தில் ஒரு கீறலும் போட்டேன்,
மூன்று புள்ளி நீளம்.

அசலில் அது இன்னும் இல்லை.
வரும்.